என்ன வருத்தம் என்று டொக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. 20 வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் இரத்தமும் சளியும் பார்த்து ஓய்வுபெற்றவன். தெரிந்தவர்கள் மீன் சந்தையிலும் மறிப்பார்கள், பின்னேரம் டச்பே கடற்கரையில் நடக்கும்போதும் மறிப்பார்கள். மடித்து மடித்துக் கிழியப்போகிற ரிப்போர்ட் ஒன்று சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். என்ன மருந்து எடுப்பது என்பது இதில் இல்லை. வருத்தத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

டொக்டர் என்னைத் தொட்டே பாக்கல்ல, கதைச்சது மட்டும்தான். அதுக்குள்ள எப்படி வருத்தம் தெரியும்?

கதைத்ததுதான் பார்த்தது. 1975இல் இங்கிலாந்தில், வெளிநோயாளர் கிளினிக்குக்குப் புதிதாக வந்த 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நோயாளி சொன்னதைக் கேட்டு முடித்தவுடன் டொக்டர் என்ன நினைத்தார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு உறுதியான முடிவோடு ஒப்பிட்டார்கள். 66 பேருக்குக் கதையிலேயே விடை இருந்தது. உடம்பைச் சோதித்த பிறகு முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வுகூட ரிப்போர்ட் வந்த பிறகு மாறியது இன்னொரு 7 பேருக்கு. ஆய்வுகூடக்காரனான எனக்குக் கொஞ்சம் ரோசம் வரவைக்கிற கணக்குத்தான், ஆனால் உண்மை.

இன்னொன்று, தொடாமலும் பார்க்கிறார்கள். நொண்டி நடக்கிறீர்களா, ஒரு வசனம் முடிக்குமுன் மூச்சு வாங்குகிறதா, கண் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா, நகம் வெளிறிப் போயிருக்கிறதா என்பதெல்லாம் நீங்கள் கதிரையில் இருக்க முன்பே கண்ணில் பட்டிருக்கும். அதற்காக ஓபிடியில் கிடைக்கிற இரண்டு நிமிடம் போதும் என்று சொல்ல மாட்டேன், போதாது. போதாது என்பதால்தான் அடுத்த பதில் முக்கியம்.

உள்ளுக்குப் போனதும் எல்லாம் மறந்து போகுது. என்னத்தைச் சொல்ல வேணும்?

முதலில் எப்போது தொடங்கியது என்பது. அப்புறம் எந்த இடத்தில், எப்படியான நோவு, இடம் மாறியதா, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது. துண்டுக் கடதாசியில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். குடிக்கிற மருந்துகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பரியாரியார் தந்த தூளும் எண்ணெயும் அதில் சேர்த்தி. மறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

இடம் மாறுவது ஏன் முக்கியம் என்றால், அப்பென்டிக்ஸ் வீக்கத்தில் நோவு பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணித்தியாலத்தில் வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். இப்போது வலது பக்கம் நோகிறது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை போய்விட்டது. “காலமை தொப்புளுக்குக் கிட்ட இருந்தது, மத்தியானம் இஞ்ச இறங்கிட்டுது” என்ற ஒரு வரியைக் கேட்டதும் டொக்டரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே முடிவு கட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். “கேஸ் டொக்டர்” என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். கேஸ் என்பது நீங்கள் கண்டுபிடித்த நோய். டொக்டருக்கு வேண்டியது நீங்கள் உணர்வது. எரிகிறதா, இறுக்குகிறதா, குத்துகிறதா, அதைச் சொல்லுங்கள்.

டொக்டர் சிங்களம், எனக்குத் தமிழ் மட்டும்தான். பிழையா விளங்கிட்டா?

இந்த ஊரில் நியாயமான பயம். பிழைப்பது பெரிய சொற்களில் இல்லை, சின்னச் சொற்களில்தான். “களைக்குது” என்று ஒருவர் சொன்னால் உடம்பு சோர்வு. இன்னொருவர் சொன்னால் மூச்சு வாங்குது. முதலாவதை இரத்தச்சோகை, தைரொயிட் என்று தேடிப் போவார்கள், இரண்டாவதுக்கு நெஞ்சையும் இருதயத்தையும் பார்ப்பார்கள். இடையில் நின்று மொழிபெயர்க்கிற தாதியோ பக்கத்துக் கட்டில்காரரோ சிங்களத்தில் சோர்வுக்குச் சொல்கிற “மஹன்சி” என்று சொல்லிவிட்டால் மூச்சு வாங்குதல் அங்கேயே காணாமல் போய்விடும். “தலை சுத்துது” என்பதும் அப்படித்தான். அறை சுழல்கிறதா, எழும்பும்போது கண் இருட்டுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று மூன்று வேறு விசயங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன.

ஆகவே சொல்லை நம்பாமல் செய்கையைச் சொல்லுங்கள். “முன்னம் ஓர்ஸ்ஹில் ஏத்தத்தில நிக்காம ஏறுவன், இப்ப பாதியில நிண்டு மூச்சு எடுக்க வேண்டிக்கிடக்கு” என்பதை எந்த மொழிக்கு மாற்றினாலும் கெட்டுப்போகாது. இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். சிங்களம் தெரிந்த மகனோ மருமகளோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். சிறு பிள்ளையை மட்டும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள், மாதவிடாய் பற்றியோ மலம் பற்றியோ அம்மா அந்தப் பிள்ளைக்கு முன்னால் வாய் திறக்க மாட்டா.

முதுகில விரலால தட்டிப் பாக்கிறாங்களே, அதில என்ன தெரியும்?

தர்ப்பூசணிப் பழம் வாங்கும்போது நாங்கள் தட்டிப் பார்க்கவில்லையா? அதே சங்கதி. காற்று நிறைந்த நுரையீரல் ஒரு மாதிரி ஒலிக்கும், நீர் தேங்கினால் மந்தமாக ஒலிக்கும். ஒஸ்திரியாவில் அவுன்புறுகர் என்ற வைத்தியர் 1761இல் இதை எழுதி வைத்தார். அவருடைய தகப்பன் விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற வழக்கத்திலிருந்துதான் மகனுக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஸ்டெதஸ்கோப் அதற்கு 55 வருடம் பிந்தியது. 1816இல் லெனெக் என்ற பிரெஞ்சு வைத்தியர், ஓர் இளம் பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் பிறந்தது அது.

காய்ச்சல் வந்த உடனேயே ரத்தம் குத்திப் பாத்தா டெங்கு தெரிஞ்சிடும்தானே?

எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதில்தான் விசயம் இருக்கிறது. வைரசின் ஒரு துண்டைத் தேடுகிற என்.எஸ்.1 பரிசோதனை முதல் நாலைந்து நாளுக்குள் நன்றாகப் பிடிக்கும். அதிலும் “இல்லை” என்று வந்தால் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. வைரசுக்கு எதிராக உடம்பு செய்கிற அன்டிபொடியைத் தேடுகிற பரிசோதனை ஐந்தாம் நாள் அளவில்தான் பயன்படத் தொடங்கும். எஃப்.பி.சி என்கிற முழு இரத்தக் கணக்கை முதல் நாளில் செய்தால் பெரும்பாலும் நோர்மல் என்றே வரும். அதை நம்பி வீட்டுக்குப் போனவர்கள்தான் பிறகு பிந்தி வருகிறார்கள். மூன்றாம் நாளில் எஃப்.பி.சி செய்யுங்கள் என்று சொல்வது அதனால்தான். கர்ப்பிணிகளும் வேறு நோயுள்ளவர்களும் அதற்கு முன்னமே காட்ட வேண்டும்.

சரி, மூன்றாம் நாள் எது? இதில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். காய்ச்சல் தொடங்கிய நேரத்திலிருந்து முதல் 24 மணித்தியாலம் முதலாம் நாள். ஒரு தாய் “ரெண்டு நாள் காய்ச்சல்” என்று பிள்ளையைக் கொண்டுவந்தா. எப்போது முதலில் சுட்டது என்று திருப்பித் திருப்பிக் கேட்டதில், “வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்குப் போய் வந்த பின்னேரம் மடியில படுத்தவன், அப்ப லேசாச் சுட்டது” என்றா. வந்தது திங்கள் இரவு. அது நாலாம் நாள்.

ஏன் இந்த நாள் கணக்கு என்றால், டெங்கில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை. காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் அது நீடிக்கும். “காய்ச்சல் விட்டுட்டுது” என்று வீட்டில் ஆறுதல் படுகிற அதே நேரம். கை கால் குளிர்ந்தால், வயிறு கடுமையாக நொந்தால், சத்தி நிற்காவிட்டால், சலம் குறைந்தால், எங்காவது இரத்தம் கசிந்தால், ஆள் மந்தமானால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. மருந்து பற்றி இல்லை என்றேன், ஒன்றை மட்டும் மீறுகிறேன்: டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அஸ்பிரின், இபுபுரொபென், டைக்ளோபெனக் எதுவும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளர் பதிவான வருடம், அதன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்கே பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அப்போதிருந்து எங்கள் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்கிற பழக்கம் வந்துவிட்டது. அதுவும் பிழை, அதற்கு அடுத்தடுத்த கேள்வி.

பிளேட்லட் 90 ஆயிரம். எவ்வளவுக்கு இறங்கினா ஆபத்து?

பிளேட்லட் என்பது இரத்தம் உறைய உதவுகிற அணு. எல்லோரும் இந்த ஒரு நம்பரையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டொக்டர் அதே தாளில் இன்னொரு வரியையும் பார்க்கிறார்: பி.சி.வி. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பது அது. நீர் கசிந்தால் இரத்தம் தடிக்கும், பி.சி.வி ஏறும். முன்பு இருந்ததிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு என்று எடுப்பார்கள். பிளேட்லட் 1 இலட்சத்துக்குக் கீழே இறங்குவது “கசிவு தொடங்கலாம், கவனம்” என்கிற மணி. அதனால்தான் ஒரே நாளில் இரண்டு மூன்று தரம் குத்துகிறார்கள். ஒரு தாளை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, அடுத்தடுத்த தாள்களை வரிசையாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டை எறியாதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

காய்ச்சலுக்குப் போனா “வயலுக்குப் போனீங்களா, வெளிநாடு போனீங்களா” எண்டு கேக்கிறாங்க. அது அவங்களுக்கு எதுக்கு?

வயல் கேள்வி எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சலம் கலந்த சேற்றுநீர் கால் வெடிப்பால் உள்ளே போனால் வருகிற வருத்தம் அது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கத்தில் வயலுக்குள் இறங்குகிற யாரும் மறக்காமல் சொல்ல வேண்டும். அதற்குரிய இரத்தப் பரிசோதனை முதல் கிழமையில் பெரும்பாலும் எதுவும் காட்டாது. டொக்டர் உங்கள் கதையையும், கெண்டைக்கால் நோவையும், கண் சிவப்பையும் வைத்துத்தான் வைத்தியத்தைத் தொடங்குவார். நீங்கள் “வயலுக்குப் போனேன்” என்று சொல்லாவிட்டால் பரிசோதனையும் உதவாது.

வெளிநாட்டுக் கேள்வி மலேரியாவுக்கு. ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் மலேரியா வராத வீடே அபூர்வம். நாட்டுக்குள்ளேயே பரவிக்கொண்டிருந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது வருவதெல்லாம் வெளியிலிருந்து வருவது. இளம் டொக்டர் ஒருவர் மலேரியா நோயாளியை வாழ்க்கையில் பார்த்தே இருக்க மாட்டார். ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்து வந்த கிழமையில் காய்ச்சல் என்றால் நீங்களாகவே சொல்லுங்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் போதும்.

பாஸ்டிங் எண்டா தண்ணியும் குடிக்கக் கூடாதா? நோன்பு நேரம் செய்யலாமா?

வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்க்கிறதுதான் பாஸ்டிங். தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் நரம்பு கிடைப்பதும் சுகம். சீனி இல்லாத பிளேன்டீயும் வேண்டாம். குறைந்தது 8 மணித்தியாலம் வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா நோன்பு மாதத்தில் காலை ஏழு மணிக்கு வந்து “நான் பாஸ்டிங்தான்” என்றார். சஹர் சாப்பிட்டது நாலரைக்கு. நோன்பு பிடித்தது உண்மை, ஆனால் சோறு உள்ளே போய் இரண்டரை மணித்தியாலம்தான். அந்த நம்பரைப் பார்த்திருந்தால் வீடே கலங்கியிருக்கும். ரமழானில் என்றால் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு வாருங்கள், அல்லது பெருநாள் கழியட்டும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைக் குத்துகிறவரிடம் சொல்லுங்கள்.

பாஸ்டிங் 118 வந்திருக்கு. எனக்குச் சீனி வருத்தமா, இல்லையா?

இன்னும் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள். பாஸ்டிங் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 110க்கும் 125க்கும் இடையில் நீரிழிவுக்கு முந்திய நிலை. அமெரிக்கர்கள் 100இலிருந்தே அப்படிச் சொல்வார்கள். உங்களுக்குத் தாகம், அடிக்கடி சலம், மெலிவு எதுவும் இல்லையென்றால் 126க்கு மேல் ஒருதரம் வந்ததை வைத்து முத்திரை குத்த மாட்டார்கள், இன்னொருதரம் செய்து உறுதிப்படுத்துவார்கள். சந்தேகம் என்றால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்ப்பார்கள். 200ஐத் தொட்டால் நீரிழிவு.

எச்.பி.ஏ.1.சி என்று ஒன்றும் எழுதித் தருவார்கள். சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் வாழும், அந்தக் காலம் முழுக்க அதில் சீனி ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வந்துவிடும், 6.5 வீதம் என்றால் நீரிழிவு. கிளினிக்குக்கு மூன்று நாளைக்கு முன் சோற்றை விட்டுப் பாவற்காய்ச் சாறு குடிக்கிறவர்களின் பாஸ்டிங் அழகாக இருக்கும், எச்.பி.ஏ.1.சி காட்டிக்கொடுத்துவிடும். கடுமையான இரத்தச்சோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பிழைக்கும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வீட்டில பிரஷர் நல்லம், ஆஸ்பத்திரியில கூட. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் அதைவிட அடிக்கடி நான் பார்த்தது, பஸ்சுக்கு ஓடி வந்து, வரிசையில் வாய்த்தர்க்கப்பட்டு, உடனேயே கையை நீட்டுவது. ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்து, காலுக்கு மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும். அப்படியும் 140க்கு 90 அல்லது மேல் பலதரம் வந்தால்தான் பிரஷர் என்பார்கள். வீட்டு மெசினில் 135க்கு 85 எல்லை.

ரெண்டு லாப்ல ரெண்டு நம்பர் வந்திருக்கு. ஆரை நம்புறது?

என் பழைய தொழிலைச் சந்தேகிக்கிற கேள்வி, ஆனாலும் பதில் சொல்கிறேன். முதலில் வித்தியாசம் எவ்வளவு? சீனி 112, 117 என்றால் அது வித்தியாசமே இல்லை. வீட்டில் விரலில் குத்துகிற மெசினுக்கு நூற்றுக்கு 15 வரை கூடக் குறையக் காட்ட இடம் விட்டிருக்கிறார்கள்.

பெரிய வித்தியாசம் என்றால் பெரும்பாலும் மெசினில் இல்லை, இரத்தம் வந்த வழியில்தான். குழாய்க்குள் இருக்கிற இரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் எடுத்து வெக்கையில் வைத்தால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் குறைந்துபோகும். அதனால்தான் சீனிப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அணுக்களை அடக்கி வைக்கிற மருந்து அதற்குள் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் நோண்டி நோண்டி எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கூடக் காட்டும். ஒரு நாள் ஒரு ஐயாவின் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்ததைப் பார்த்துவிட்டு நான் ஓடிப்போனேன். அவர் கட்டிலில் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்ப எடுத்ததில் எல்லாம் நோர்மல்.

ரிப்போர்ட்ல ஒரு வரிக்குப் பக்கத்தில நட்சத்திரம் போட்டிருக்கு. வருத்தமா?

நோர்மல் எல்லையை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? சுகமாக இருக்கிற ஆட்களை எடுத்து, நடுவில் விழுகிற 95 வீதத்தை நோர்மல் என்கிறார்கள். அப்படியென்றால் சுகதேகிகளிலேயே 20 பேரில் ஒருவர் வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், வருத்தமே இல்லாத ஒருவருக்கு ஒரு நட்சத்திரமாவது விழுகிற வாய்ப்பு 64 வீதம். கணக்குப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், இதே விடை வரும். எந்த வரி, எவ்வளவு தூரம் வெளியே, போனதரம் என்ன என்பதை டொக்டர் பார்க்கட்டும்.

நெஞ்சு நோவோட போனன். ஈசிஜி நல்லம் எண்டாங்க, ஆனா வீட்ட விடல்ல. ஏன்?

ஹார்ட் அட்டாக்கின் தொடக்கத்தில் ஈசிஜி நோர்மலாக இருக்கலாம் என்பதால். இருதயத் தசை சேதமானால் ட்ரொபொனின் என்ற புரதம் இரத்தத்துக்குள் கசியும், அது தெரிகிற அளவுக்கு ஏறச் சில மணித்தியாலம் எடுக்கும். அதனால் ஒருதரம் குத்தி, சில மணித்தியாலம் விட்டுத் திரும்பக் குத்தி, ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். டெங்கில் சொன்ன அதே விசயம்தான். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் வியர்வை, சத்தி, தாடை நோவு, களைப்பு என்றும் வரலாம். “கேஸ்” என்று சோடா குடித்து விடியும்வரை பொறுக்காதீர்கள், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எக்ஸ்ரே, ஸ்கான், சீ.டி, எம்.ஆர்.ஐ. இதில எது பெரிசு? பெரிசையே எடுத்தா என்ன?

விலையில் பெரிசு சிறிசு உண்டு, வேலையில் இல்லை. பித்தப்பைக் கல்லுக்குச் சாதாரண ஸ்கானே (அல்ட்ராசவுண்ட்) நல்லது. எலும்பு முறிவுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே. மூளை, முள்ளந்தண்டு, மூட்டுச் சவ்வுக்கு எம்.ஆர்.ஐ, அதில் கதிர்வீச்சு இல்லை, காந்தம்தான், உடம்புக்குள் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முதலே சொல்ல வேண்டும்.

பாரிசவாதம் என்றால் அவசரமாகச் சீ.டி எடுப்பார்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடைப்பென்றால் கரைக்கிற ஊசி போடலாம், கசிவுக்கு அதே ஊசி போட்டால் ஆள் தப்பாது. அந்த ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை. கடைசியாக நல்லாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். தூங்கி எழும்பும்போது இப்படிக் கண்டால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.

உடம்புக்கு ஒண்டுமில்ல, ஆனா சலம் டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. வயல் செய்யிற ஆக்களுக்கு எதுக்கு?

சிறுநீரகம் வாய் பேசாத உறுப்பு. பாதிக்குப் பாதி கெட்டபிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு நன்றாக ஏறும், காலில் வீக்கம் வருவது அதற்கும் பிறகு. வடமத்தியப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் மாவட்டத்திலும் பதவி ஸ்ரீபுர போன்ற இடங்களில் அது இருக்கிறது. சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்ப்பது சுகமான வழி. ஒருதரம் வந்தால் பயப்பட வேண்டாம், மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள்.

மூண்டு கிழமை இருமல். சளி கொண்டுவரச் சொல்றாங்க, வெக்கமா இருக்கு.

நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். காலையில் எழும்பி, வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் தாருங்கள். பலர் தருவது எச்சில். எச்சிலில் ஒன்றும் தெரியாது. மார்பு நோய் கிளினிக்கில் இது இலவசம்.

கட்டியில ஊசி குத்தி எடுத்தா பரவுமாமே?

இந்தப் பயத்தால் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் கட்டி சும்மா இருக்கவில்லை. ஊசி போன வழியால் பரவுவது மிக மிக அபூர்வம். விதைப்பையில் வருவது போன்ற சில கட்டிகளுக்கு ஊசி குத்தாமல் முழுதாக எடுப்பார்கள், அது அவர்களுக்குத் தெரியும். கட்டி நல்லதா கெட்டதா என்று ஸ்கான் ஊகிக்கும். அடித்துச் சொல்வது நுணுக்குக்காட்டிதான்.

ரிப்போர்ட் ஏன் பிந்துகிறது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். எடுத்த துண்டை போர்மலினில் ஊறவைத்து, நீரை எல்லாம் அகற்றி, மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீற்றரை 250ஆகப் பிரித்தால் வருகிற தடிப்பில் சீவி, சாயம் ஏற்றி, அதன் பிறகுதான் நோயியல் நிபுணர் கண் வைப்பார். அவசரப்படுத்தினால் துண்டு கிழியும்.

எல்லாம் நோர்மல் எண்டு வந்திருக்கு. அப்ப எனக்கு ஏன் நோகுது?

பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஒற்றைத் தலைவலிக்கு இரத்தப் பரிசோதனை இல்லை. எரிச்சல் குடல் நோய்க்கு ஸ்கான் இல்லை. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இல்லை. இவையெல்லாம் கதையைக் கேட்டே பிடிக்கிற வருத்தங்கள், முதல் பதிலைத் திரும்ப வாசியுங்கள். “ஒண்டுமில்லை, போங்க” என்று சொன்னால், “இன்னின்ன வருத்தம் இல்லை என்று தெரிஞ்சிட்டுது, வேற எதுவா இருக்கலாம்?” என்று கேளுங்கள். எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்ப வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு எழும்புங்கள்.

அப்ப வருத்தமே இல்லாம எல்லா டெஸ்டையும் செய்து வச்சா நல்லம்தானே? முழு உடம்பு செக்கப் விளம்பரம் பாத்தன்.

ஒரு கணக்கு. 1000 பேரில் 10 பேருக்கு ஒரு வருத்தம் இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை நல்ல பரிசோதனை: வருத்தம் உள்ளவர்களில் 10க்கு 9 பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 100க்கு 5 பேரை மட்டும் பிழையாகப் பிடிக்கும். அப்படியென்றால் 9 பேர் உண்மையாக மாட்டுவார்கள், மிச்சம் 990 பேரில் கிட்டத்தட்ட 50 பேர் வீணாக மாட்டுவார்கள். “இருக்கு” என்ற தாளோடு நிற்கிற 59 பேரில் 50 பேருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நித்திரை போய், கொழும்புக்கு வேன் பிடித்து, இன்னும் மூன்று ஸ்கான். இருமலோடு மெலிந்து வருகிற ஒருவருக்குச் செய்யும்போது அதே பரிசோதனை நம்பத்தக்கதாக மாறுவது, அவர் சேர்ந்து நிற்கிற கூட்டத்தில் வருத்தம் உள்ளவர்கள் அதிகம் என்பதால்.

எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. பிரஷர், சீனி பார்ப்பது நல்லது. 35 வயதைத் தாண்டினால் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் இலவசம். பெண்களுக்கு 35இலும் 45இலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இருக்கிறது, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள். வெட்கத்தால் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

முதல் டொக்டர் ஒண்டு சொன்னார், ரெண்டாவது டொக்டர் வேற சொல்றார். முதல் ஆள் பிழையா?

சிலவேளை பிழைதான். ஆனால் பலவேளை வருத்தம் இடையில் முகம் காட்டியிருக்கும். என் அம்மாவுக்கு இடது பக்க நெஞ்சில் எரிவு. நாங்கள் ஹார்ட் என்று ஓடினோம். ஈசிஜி நல்லம், ட்ரொபொனின் இரண்டுதரமும் நல்லம், தசைப்பிடிப்பாக இருக்கலாம் என்று அனுப்பினார்கள். நான் வீட்டில் கத்தினேன். மூன்றாம் நாள் அம்மா சட்டையைத் தூக்கிக் காட்டினா, முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டியாக, நடுக்கோட்டைத் தாண்டாமல், நீர்க்கொப்புளங்கள். அக்கி. இரண்டாவது டொக்டர் கதிரையிலிருந்து எழும்பாமலே சொல்லிவிட்டார். அவர் கெட்டிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். முதலாமவர் பார்த்த அன்று அந்தத் தோலில் ஒன்றுமே இருக்கவில்லை.

கூகிள்ல போட்டுப் பாத்தா எல்லாமே கான்சர் எண்டு வருது.

எனக்கும் அப்படித்தான் வருகிறது.

உங்களிட்ட ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டலாமா?

காட்டலாம், மழை இல்லையென்றால் ஐந்தரைக்கு டச்பேயில் நிற்பேன். நம்பரைச் சரியாக வாசித்தீர்களா, திரும்பச் செய்ய வேண்டியதா என்று சொல்லுவேன். பழைய தாள்களையும் கொண்டுவாருங்கள். காய்ச்சல் என்றால் கடற்கரைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது எந்த நாள், எத்தனை மணிக்கு முதலில் சுட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள்.